படம் வெட்டுது

பை உங்க காலை இடிக்குதா? இடிச்சா சொல்லிடுங்க, மடியில எடுத்து வச்சுக்கறேன். மேல வைக்கச் சொன்னாரு அந்தக் கண்டக்டர், நான் வைக்கல. உள்ள பட்டுப் புடவை இருக்கு. மேல வச்சா எவனாவது அதுமேல ஒரு சூட்கேஸைத் தூக்கிப் போடுவான், அப்புறம் அது பட்டா பாயான்னு தெரியாது.

எனக்கு இல்லைங்க. என் பொண்ணுக்கு. தாம்பரம் பக்கம் ஒரு ஹாஸ்டல்ல இருக்கா, அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை நாமக்கல்லேர்ந்து அவளைப் பொண்ணு பார்க்க வராங்க. இன்னிக்கு வியாழன். இன்னிக்கு சாயங்காலம் அவ கையைப் பிடிச்சு பஸ் ஏத்தினாத்தான் உண்டு. அவ வரலைன்னா நாமக்கல்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதுக்கு முன்னாடி, அவ வரமாட்டேன்னுட்டா நான் என்ன பண்றது? அதை மட்டும் யோசிக்கக் கூடாதுன்னு திருச்சியில ஏறும்போதே முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு வரேன். தூக்கம் வந்தா சொல்லுங்க.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால வந்தது. சிரிக்காதீங்க. வீட்டுக்கு வீடு செல்போனால குடி கெடுது, எங்க வீட்டுல பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரால கெட்டுது.

அவ பேரு ராகினி. ஆமா, நல்ல பேருதான். பேர் வச்சு ஒண்ணரை வருஷம் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது, காது கேட்காதுன்னு. பேரை மாத்திடலாமான்னாரு எங்க வீட்டுக்காரர். ஏன் மாத்தணும்? காது கேட்காட்டி என்ன, வாய் இருக்கு, கண்ணு இருக்கு. நான் விடல. எத்தனை வருஷம், எத்தனை ஸ்பீச் தெரபி! உதட்டைப் பார்த்தே அடுத்தவங்க பேசறதைப் புரிஞ்சுக்கற அளவுக்குக் கொண்டு வந்திருக்கேன் அவளை. பேசவும் செய்வா. வெளியாளுக்குக் கொஞ்சம் கஷ்டம், பழகினா புரியும். சைகை மட்டும் கூடாதுன்னு வச்சிருந்தேன். கையை ஆட்டிப் பழகிட்டா வாய் வராதுன்னு அவ ஸ்கூல்லயே சொல்லிட்டாங்க. அதனால சாப்பாட்டு மேசையில, "ராகினி, கைமேல உட்காரு"ன்னுடுவேன். ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சுக்கிட்டு, வாயாலதான் தண்ணி கேட்கணும். கேட்டா. கேட்கலையா? கொடுமைன்னு நினைக்காதீங்க. நான் கான்வென்ட்ல படிச்சவ. தமிழ்ல ஒரு வார்த்தை பேசினா கழுத்துல பலகை மாட்டிவிடுவாங்க சிஸ்டர் அலோசியா. சாயங்காலம் வரைக்கும் அதோட நடக்கணும். அழுதிருக்கேன். ஆனா இன்னிக்கு நான் இங்கிலீஷ் பேசினா கலெக்டர் ஆபீஸ்ல எழுந்து நிக்கறாங்க. வலிக்காம எதுவும் வராது.

எங்க விட்டேன்? கம்ப்யூட்டர்.

நாமக்கல் வரன் வந்தது ஆவணியில. பையன் நல்ல வேலை, ஒரே பையன், மாமியார் மட்டும்தான். தரகர்கிட்ட, "கொஞ்சம் காது மந்தம்"னு சொல்லியிருந்தேன். பொய் இல்லையே. மந்தம்னா மந்தம்தான், எவ்வளவு மந்தம்னு அவங்க கேட்கல. மார்கழிக்கு முன்னாடி வந்து பார்க்கறோம்னாங்க. அப்பதான் எனக்கு யோசனை வந்தது. இவ எங்க உதட்டைப் படிப்பா, ஸ்கூல் டீச்சர் உதட்டைப் படிப்பா. ஒரு மாமியார் உதட்டைப் படிச்சிருக்காளா? மாமியார் எப்படிப் பேசுவா, கூட வர்ற சொந்தக்காரி எப்படி வாயைச் சுழிப்பா, பொண்ணு பார்க்க வந்தா என்ன கேட்பாங்க, "சமைக்கத் தெரியுமா" எப்ப வரும், "பாடத் தெரியுமா" எப்ப வரும், இதெல்லாம் எங்க இருக்கு? சீரியல்லதானே இருக்கு! சொல்லுங்க, நான் நினைச்சது தப்பா?

டிவியில ஓடறதை நிறுத்தித் திருப்பிப் போட முடியாது. அதனால எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து சீரியலை டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டு வருவாரு. காலையில ரெண்டு எபிசோடு, மத்தியானம் ரெண்டு. புரியலைன்னா நிறுத்து, திருப்பிப் போடு, மறுபடி பாரு. நான் சமையலறையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். சத்தம் இருந்தாத்தானே அவ எங்க நிறுத்தறா, எங்க ஏமாத்தறான்னு எனக்குத் தெரியும்?

நல்ல சீரியலாத்தான் பொறுக்கினேன். நம்ம ஊரு சீரியல்ல மாமியாருங்க எல்லாம் கத்தறாளுங்க. இது வடநாட்டுல எடுத்தது. அரண்மனை மாதிரி வீடு. மாமியார் நிதானமா, மரியாதையா, ஒவ்வொரு வார்த்தையா பேசுவா. நாமக்கல் அம்மா அப்படித்தான் இருப்பாங்கன்னு எனக்கு ஒரு எண்ணம்.

முதல் நாளே வந்து நிக்கறா. "வாய் தப்பு"ங்கறா.

"வாய் தப்பா? உன் கவனம் தப்பு. போய்ப் பாரு"ன்னேன். அடுப்புல எண்ணெய் காஞ்சுக்கிட்டிருந்தது, நான் திரும்பிட்டேன்.

மறுநாளும் அதே பாட்டு. "வாய் தப்பு. படம் வெட்டுது." சரி, நானும் ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டுப் போய் நின்னு பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. மாமியார் பேசறா, மருமக அழறா, கதை ஓடுது. "எங்கடி வெட்டுது? சாக்கு சொல்லாதே"ன்னு திட்டிட்டு வந்துட்டேன். இப்படியே மூணு வாரம்! அவ அங்கே உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பார்ப்பா, நெத்தியைப் பிடிச்சுக்குவா. நான் இங்கேர்ந்து, "நிறுத்தாதே, நிறுத்தாதே, பாரு"ன்னு கத்துவேன். கத்தி என்ன பிரயோஜனம்னு நீங்க நினைக்கறது தெரியுது. பழக்கங்க. கத்தினா எனக்கு ஒரு தெம்பு.

எங்க வீட்டுக்காரர்தான் முதல்ல கையை வச்சாரு. பென்டிரைவ்லேர்ந்து நேரா ஓட்டினா இழுக்கும், கம்ப்யூட்டருக்குள்ள காப்பி பண்ணிட்டு ஓட்டணும்னாரு. பண்ணினோம். வெட்டுதுன்னா. வேற பிளேயர் போட்டாரு. வெட்டுதுன்னா. வைரஸ் பார்க்கற சாப்ட்வேர் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு, அதை நிறுத்தணும்னாரு. நிறுத்தினாரு, அப்பவும் வெட்டுதுன்னா. அதோட அவரு பேப்பரை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. எதுலயும் மூணு தடவைக்கு மேல முயற்சி பண்ண மாட்டாரு, அது அவரு சுபாவம்.

அப்புறம்தான் எட்வினைக் கூப்பிட்டேன். தில்லைநகர்ல சர்வீஸ் கடை வச்சிருக்காரு, அம்பது வயசு இருக்கும், வேலை தெரிஞ்சவரு. வந்தாரு, உட்கார்ந்தாரு, ஓட்டிப் பார்த்தாரு. ராகினி பக்கத்துல நின்னுக்கிட்டு, தாவற இடம் வரும்போதெல்லாம் விரலால மேசையை ஒரு தட்டு தட்டறா. அவரு தலையாட்டறாரு. நான், "எனக்கு ஒண்ணும் தெரியலையே எட்வின்"ங்கறேன். அவரு கையை நீட்டினாரு. சவுண்டை நிறுத்திட்டாரு. "இப்பப் பாருங்க மேடம்"னாரு.

பார்த்தேங்க. மாமியார் கையைத் தூக்கறா, அப்படியே நிக்கறா, சட்டுன்னு கை கீழ இருக்கு. வாய் திறக்கறா, நிக்கறா, மூடியிருக்கு. நடுவுல எதுவும் இல்ல. அந்த மனுஷி பேசினதெல்லாம் அந்த இல்லாத இடத்துல போச்சு. சத்தம் ஒரு பக்கம் நிக்காம ஓடுமாம், பழைய மெஷினால படத்தை அந்த வேகத்துக்குக் கொண்டு வர முடியாதாம். பின்தங்கிடுமாம். பின்தங்கினதைச் சரி பண்ண நடுவுல கொஞ்சத்தைத் தள்ளிவிட்டுட்டுத் தாவுமாம். எட்வின் சொன்னாரு, "காது கேட்கறவங்களுக்கு இது தெரியாது மேடம். சத்தம் ஓடறதால, நடுவுல உள்ளதை நாமளே நிரப்பிக்குவோம்."

மூணு வாரம் திட்டினேனேன்னு ஒரு நிமிஷம் சுருக்குன்னுது. ஒரு நிமிஷம்தான். ராகினி என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை, "பார்த்தியா"ன்னு! அதுல எனக்கு மறுபடி கோவம் வந்துடுச்சு.

எட்வின் முதல்ல படத்தோட அளவைக் குறைச்சுத் தந்தாரு. லேசாயிட்டா மெஷின் இழுத்துடும்னாரு. இழுத்துது. எண்ணெய் மாதிரி ஓடுது. ஆனா எல்லாம் மங்கல். மாமியாருக்கு வாய் இருந்த இடத்துல ஒரு சிவப்புத் தீற்றல்தான் இருக்கு. இதைப் பார்த்து யாரு என்னத்தைப் படிக்கறது? தெளிவா வேணும்னா வெட்டும், வெட்டாம வேணும்னா தெளிவா இருக்காது. இப்படி ஒரு வாரம் போச்சு. இதுக்கிடையில இன்னொரு கூத்து. ஒரு நாள் சீரியல்ல எல்லாரும் அழறதைப் பார்த்துட்டு ராகினி ஓடிவந்து, "அந்த வீட்டு அம்மா செத்துட்டாங்க"ங்கறா. நான் பதறிப் போய்ப் பார்த்தா அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கா. செத்தது அப்பா. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்குமாம். கண்ணாடியில சொல்லிப் பாருங்க, எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது. இருபத்தாறு வருஷமா வீட்டுக்குள்ள அவ யாரைக் கூப்பிட்டா யாரு திரும்பினோமோ, போங்க.

கண்டக்டர்! சார்! அந்த டிவியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க, இங்க மனுஷங்க பேசிக்கிட்டிருக்கோம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆ. கடைசியில எட்வின், உள்ள ஒரு கார்டு மாத்தினா வழி இருக்குன்னாரு. படத்தை மட்டும் தனியா இழுக்கற கார்டு. தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்து மாட்டினாரு. ஒரு செவ்வாய்க்கிழமை. சவுண்டை நிறுத்திட்டு நானே பார்த்தேன். கண்ணாடிங்க! மாமியார் மூக்குத்தியில கல்லு எத்தனைன்னு எண்ணலாம். ஒரு வெட்டு இல்ல, ஒரு தாவல் இல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்வினுக்குக் கேசரி கிளறினேன். ராகினியை உட்கார வச்சு, "பாரு இப்ப"ன்னேன்.

அஞ்சு நிமிஷம் பார்த்தா. அசையாம பார்த்தா. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவா, தெளிவா, தெரபி டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரி ஒவ்வொரு எழுத்தா சொல்றா. "வாய். தப்பு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கரண்டியைப் போட்டுட்டேன். "உனக்கு எதுலதான் குறை இல்ல? மெஷினை மாத்தியாச்சு, படத்தை மாத்தியாச்சு, இனிமே நான் போய் அந்த வீட்டு மாமியாரை மாத்திட்டு வரட்டுமா?"ன்னு ஒரு பிடி பிடிச்சேன். எட்வின் கேசரியை வாயில வச்சபடி திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் தயங்கித் தயங்கி, "மேடம், இது டப்பிங்"னாரு.

"டப்பிங்னு எனக்குத் தெரியாதா? தமிழ்லதானே பேசறாங்க?"

"சத்தம்தான் மேடம் தமிழ். வாய் இந்தி."

சிரிக்கறீங்களா? சிரிங்க. எட்வினும் சிரிச்சிருப்பாரு, என் முகத்தைப் பார்த்துட்டு அடக்கிக்கிட்டாரு. அஞ்சு வாரம் ஒரு பொண்ணு இந்தி பேசற வாய்ல தமிழைத் தேடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. சத்தியமா சொல்றேன், எனக்குத் தோணவே இல்ல. காதுல தமிழ் விழுது, அவ்வளவுதான். வாயைப் பத்தி யாரு யோசிக்கறாங்க?

தப்புன்னா ஒத்துக்கற ஆளுதான் நான். ஆனா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ திறந்திருக்கக் கூடாது. "முதல் நாள் சொன்னேன்"ங்கறா. "முதல் நாள் ஒழுங்கா விளக்கிச் சொல்லணும்"னேன். காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் எழுதி நீட்டினா, எட்வினுக்கு முன்னாடியே. என்ன எழுதியிருந்தா தெரியுமா? "நீயும் வெட்டி வெட்டித்தான் வர்ற அம்மா."

எப்படி இருக்கு! நான்! எலோகியூஷன் பேச்சுப் போட்டியில மூணு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கினவ. என் உச்சரிப்பைக் கேட்டு பிஷப்பே பாராட்டியிருக்காரு. வேகமாப் பேசுவேன், இல்லைங்கல. கை வேலையா இருக்கும்போது முகத்தைக் காட்டிக்கிட்டே நிக்க முடியுமா? யாரால முடியும்? சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்கிட்டக் காட்டினேன் அந்தத் தாளை. படிச்சாரு. மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு பிரமிளா. எனக்கே நீ பேசறதுல பாதிதான் புரியுது"ன்னாரு. வாய் செத்த மனுஷன், வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவாரு, அது இப்படி.

அதுக்கப்புறம் தமிழ் சீரியலே கொண்டு வரச் சொன்னேன். கத்தற மாமியாரா இருந்தா இருக்கட்டும். ராகினி அதைத் தொடல. அவளே என்னமோ டவுன்லோட் பண்ணியிருக்கா. காது கேட்காதவங்களே சேர்ந்து நடத்தற ஏதோ நிகழ்ச்சி, வாராவாரம் வருமாம். ஒரு ஆளு நடுவுல நிக்கறான், கையால கதை சொல்றான். அவ்வளவுதான். சத்தம் கிடையாது, பாட்டு கிடையாது. வீடு எழவு வீடு மாதிரி அமைதியா இருக்கு. என்னடா இதுன்னு எட்டிப் பார்த்தா, இவ சிரிக்கறா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறா. ஸ்கூல் பிள்ளைங்களோட எனக்குத் தெரியாம கையால பேசிப் பழகியிருக்கா போல. ஒரு மணி நேரம் பார்த்தா, ஒரு இடத்துல நிறுத்தல, ஒரு இடத்துல திருப்பிப் போடல. நெத்தியைப் பிடிச்சுக்கல. நான் பக்கத்துல போய் நின்னது கூடத் தெரியல.

எனக்கு எதுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததுன்னு இப்ப யோசிச்சாலும் தெரியல. இருபத்தாறு வருஷம். தண்ணி கேட்க வைக்க ஒரு வருஷம், பேர் சொல்ல வைக்க ரெண்டு வருஷம். அவ பேருல ஒரு எழுத்து கூட உதட்டுல தெரியாது தெரியுமா உங்களுக்கு? எல்லாம் வாய்க்குள்ளேயே முடிஞ்சு போகுது. தொண்டையில கையை வச்சு வச்சுப் பழக்கினேன். அவ்வளவையும் ஒரு தட்டுல வைங்க. கையை ஆட்டறவன் ஒருத்தனை இன்னொரு தட்டுல வைங்க. அவன் ஒரு மணி நேரத்துல அவளைச் சிரிக்க வைக்கறான்.

மறுநாள் அவ குளிக்கப் போனப்ப அழிச்சுட்டேன். ஆமா, அழிச்சேன். பன்னெண்டு ஃபைல். அழிச்சா குப்பைத் தொட்டியில கிடக்கும், எடுத்துடுவா. அதனால தொட்டியையும் காலி பண்ணினேன். எட்வின் பக்கத்துல அத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனே, அவ்வளவு கூடவா கத்துக்கிட்டிருக்க மாட்டேன்?

வந்து பார்த்தா. தேடினா. என்கிட்ட ஒண்ணும் கேட்கல. அதுதாங்க எனக்கு... சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். தட்டுல சாதம் போட்டேன், சாப்பிட்டா. இடது கையை இப்படித் தொடைக்கடியில வச்சுக்கிட்டே இருந்தா. நான் சொல்லாமலே.

மூணாம் நாள் காலையில நான் மார்க்கெட் போயிட்டு வரேன், வீட்டுல இல்ல. பீரோவுல நாலு சுடிதார் இல்ல. எங்க வீட்டுக்காரர் வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கறாரு. "எங்க ராகினி?"

"தாம்பரத்துக்கு. சைகை மொழி டீச்சர் பயிற்சிக்கு எடம் கெடச்சிருக்கு. ரெண்டு வருஷம். நான்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்ல வந்தா பாதியில நீ திரும்பிக்குவே"ன்னாரு. பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமலே சொன்னாரு.

சரி, விடுங்க அந்த ஆளை. கம்ப்யூட்டரைத் திறந்தா நடு நெத்தியில ஒரு ஃபைல். 'அம்மா'ன்னு பேரு. கிளிக் பண்ணினேன். ராகினி. எங்க வீட்டு ஹால்ல, ஜன்னல்ல தொங்கற நீலத் திரைச்சீலைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, என்னைப் பார்க்கறா. கையால பேசறா. ஏழு நிமிஷம். ஒரு இடத்துலயும் வெட்டல. சத்தம் மட்டும் வரல.

கையால பேசினாலும் வாயாலயும் சேர்த்துச் சொல்லியிருப்பா, நமக்காக. சவுண்டுதான் போச்சுன்னு நினைச்சேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். பிளேயரை மாத்தினேன். வைரஸ் சாப்ட்வேரை நிறுத்தினேன். ஒண்ணும் வரல. ஆட்டோவுல கம்ப்யூட்டரைத் தூக்கி வச்சுக்கிட்டு எட்வின் கடைக்கே போயிட்டேன். அவரு மாட்டிப் பார்த்தாரு. "மேடம், இதுல சவுண்டே பதிவாகல. ஆஃப் பண்ணிட்டுத்தான் எடுத்திருக்காங்க."

"அப்ப இதை எப்படிக் கேட்கறது?"

"கேட்க முடியாது மேடம். பார்க்கத்தான் முடியும்."

பார்த்தேன். நாப்பது தடவை பார்த்திருப்பேன். நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பி. நெஞ்சைத் தொடறா, அது 'நான்'. என் பக்கம் விரலை நீட்டறா, அது 'நீ'. அது யாருக்கும் தெரியும். அதுக்கு நடுவுல உள்ளதுதான் தெரியல. ரெண்டாவது நிமிஷத்துல ஒரு இடத்துல சிரிக்கறா. அஞ்சாவது நிமிஷத்துல நிறுத்திட்டு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, மறுபடி ஆரம்பிக்கறா. எதுக்கு சிரிச்சா, எதுக்குத் துடைச்சுக்கிட்டா? என்னைத் திட்டியிருக்காளா? மன்னிச்சுடுன்னு சொல்லியிருக்காளா? இனிமே வரவே மாட்டேன்னு கூட இருக்கலாம். மெசேஜ் போட்டுக் கேட்டேன், "அதுல என்ன சொல்லியிருக்கே, எழுது"ன்னு. பதில் ஒரே வரி. "அது எழுத வராது அம்மா. வந்து பாரு."

வந்து பாருன்னா என்ன அர்த்தம்? என்னைப் பார்க்க வான்னா, இல்ல இந்தக் கையாட்டறதை வந்து பார்த்துக் கத்துக்கோன்னா? அங்கே அவளுக்கு வேற பேரு கூட வச்சுட்டாங்களாம். கன்னத்துல குழி விழுற இடத்துல விரலை வச்சு ஒரு சுத்து சுத்தினா அவதானாம். அவங்கப்பா சொல்றாரு, பெருமையா. பேர் வச்சது நான். யாரோ முன்பின் தெரியாதவங்க ஒரு வாரத்துல என் பொண்ணுக்குப் பேர் வைக்கறாங்க.

அதனாலதான் கிளம்பிட்டேன். இந்தப் புடவையைக் கட்டி, ஞாயித்துக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள், உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிட்டான்னா போதும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். நாமக்கல் அம்மா ரொம்ப வேகமாப் பேசினா என்ன பண்றதுன்னுதான் கொஞ்சம்...

இருங்க. போன். அவதான். வீடியோ கால். அவங்கப்பா சொல்லியிருப்பாரு நான் வரேன்னு, அவகிட்ட மட்டும் அவருக்கு வாயில எதுவும் நிக்காது. ஹலோ... நான் ஒருத்தி, அவகிட்டப் போய் ஹலோங்கறேன். ராகினி! தெரியுதா? அம்மா. பஸ்ல. பஸ்! எந்த ஊருங்க இது? செங்கல்பட்டு தாண்டலையா? டவர் இல்ல போல. நின்னு நின்னு வருது அவ முகம். என் முகமும் அவளுக்கு அப்படித்தான் போய்ச் சேருமோ? ராகினி, மெதுவாப் பேசறேன், பாரு. பஸ், குலுக்கு, குலுக்குன்னு...

தலையாட்டறா, புரியலைங்கறா. மணிக்கட்டைத் தட்டிக் காட்டறா. எத்தனை மணிக்கு வருவேன்னா? நாலு மணிக்கு. நாலு! தெரியல அவளுக்கு. இதோ, நாலு. நாலு விரல். தெரிஞ்சுடுச்சு, தெரிஞ்சுடுச்சு, சிரிக்கறா பாருங்க. இது சைகை இல்லைங்க. நாலுன்னா உலகத்துல யாரும் நாலு விரலைத்தானே காட்டுவாங்க? நீங்க என்ன பண்ணுவீங்க? அதான்.

இப்ப விரலைக் குவிச்சு வாய்ப் பக்கம் கொண்டு போறா. சாப்பிட்டியாங்கறா. சாப்பிட்டேன்டி. விக்கிரவாண்டியில ஒரு தோசை, வாயில வைக்க விளங்கல.

இப்ப வேற என்னமோ கேட்கறா. ரெண்டு கையாலயும். நீளமா. முகம் மாறிடுச்சு, சிரிப்பு இல்ல. நெஞ்சைத் தொட்டா, என்னைக் காட்டினா, நடுவுல என்னமோ... நின்னுடுச்சு படம். கை அப்படியே காத்துல நிக்குது. ஐயோ, இப்பவா! வந்துடுச்சு, வந்துடுச்சு, ஆனா முடிச்சுட்டா. கேட்டு முடிச்சுட்டு புருவத்தைத் தூக்கிக்கிட்டு என்னையே பார்க்கறா. பதிலுக்கு நிக்கறா. நீங்க பார்த்தீங்களா அவ என்ன கேட்டான்னு?

என்னத்தைச் சொல்ல... பாவம், எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கிட்டு நிப்பா.

ஆமான்னு தலையாட்டிட்டேன்.

வாயைப் பொத்திக்கிட்டா. கண்ணு நிறைஞ்சுடுச்சு அவளுக்கு. இன்னொரு தடவை கேட்கறா, நிஜமாவான்னு. மறுபடியும் ஆட்டிட்டேன்.

கட் ஆயிடுச்சு. டவர் போயிடுச்சு.

ஏங்க, நான் எதுக்கு ஆமான்னேன்?